வரி கேட்டு வாங்கிய வீடு

வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் தெருவில் வரி கட்ட ஆசைப்பட்ட ஒரே மனிதர் என் அப்பாதான். பாலாற்றங்கரையில், தோல் ஊறும் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த தெரு அது. ஊரெல்லாம் வரி குமாஸ்தாவைக் கண்டால் புழக்கடை வழியாக நழுவும். அப்பாவோ அவரைத் தேடி முனிசிபாலிட்டிக்கே போனார். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நானும் ஓடினேன்.

"கூரை வூட்டுக்கு வரி கெடையாதுப்பா. சந்தோஷமா போ" என்றார் குமாஸ்தா.

"வரி இல்லாதவனுக்கு ஓட்டும் இல்லையாமே. ஓட்டு இல்லாத தெருவுக்குக் கொழா எப்பிடிங்க வரும்? எனக்கும் வரி போடுங்கய்யா."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆவாரம்பட்டைச் சாறுபோலச் சிவந்திருக்கும். அதைக் குடித்துத் தம்பி மாதத்தில் பாதி நாள் வயிற்றுவலியில் சுருண்டு கிடப்பான்.

அந்த வருஷம் லீவு நாளெல்லாம் அப்பா சுவர் வைத்தார். அம்மா ஓடு சுமந்தாள். "இன்னா மச்சான், காசு குடுத்து பேஜாரை வாங்கறே?" என்று எதிர்வீட்டு மாமா கேலி செய்தார். அப்பா அடுத்த கல்லை எடுத்து வைத்தார்.

வரிச்சீட்டு வந்தது. மூன்றாம் வகுப்புப் படிப்பின் திமிரோடு தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன். பார்த்தால், அம்மாவின் பெயர்! மனை அம்மாவின் அப்பா கொடுத்தது. சீட்டும் ஓட்டும் அவளுக்கே. தெரு சிரித்தது. அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு, "யார் போட்டா இன்னா? நம்ம தெருவுக்கு ஒரு ஓட்டு இருக்குல்ல" என்றார்.

ஓட்டு நாளில் தெருப் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "கொழாயைச் சொல்லுக்கா." "சாக்கடையை மறந்துடாத அண்ணி." "மொனையில ஒரு வெளக்கு கேளு." உள்ளே பேசக் கூடாது, ஒரு சீட்டைப் பெட்டியில் போடுவதோடு சரி என்று நான் கத்தியதை யாரும் சட்டை செய்யவில்லை. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அப்பா குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார், சாமி புறப்பாட்டுக்குப் போகிறவரைப்போல.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா வாயே திறக்கவில்லை. சீட்டைப் போட்டாள், வந்துவிட்டாள்.

"சொன்னியாக்கா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள் அம்மா, தலை நிமிர்ந்து.

வீடு வரும்வரை என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஓட்டு வீடு, வரிச்சீட்டு, அப்பாவின் குடை எல்லாவற்றிலும் எனக்குப் பெருமைதான். பெற்ற தாய் இத்தனை பேர் நடுவில் வாய் கூசாமல் பொய் சொன்னாளே என்பது ஒன்றுதான் குறை. அது பொய் இல்லை என்று விளங்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.