இராசம்மா வராத சனிக்கிழமை

மலேசிய மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த வீடு சசிரேகாவுடையது. வயது இருபத்தேழு. பிழைப்புக்கு வீடு கட்டி வீடு இடிக்கிறாள். எல்லாம் கணினிக்குள்.

கோலாலம்பூரில் ஒரு சிறு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. அங்கே எழுதும் மென்பொருளை வெளியே அனுப்புமுன் இவள் சோதிக்க வேண்டும். அதற்காகக் கன்டெய்னர் என்று ஓர் அடைத்த இடத்தைக் கணினிக்குள் உண்டாக்கி, மென்பொருளை அதில் இறக்கி, இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளைத் தானாக ஓடவிட்டு, முடிந்ததும் இடத்தையே அழித்துவிடுவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை. ஏன் இந்தப் பாடு என்று அவள் அம்மா இராசம்மா கேட்டபோது, லயத்துக் கணக்கிலேயே விளக்கினாள். குடி வந்தவன் காலி வீட்டில் தன் சாமானை மட்டும் வைத்துச் சமைக்க வேண்டும். உப்பு இரவல் கேட்கப் பக்கத்து வீடே இருக்கக் கூடாது. அப்போதுதான் அவன் சமையல் இலட்சணம் தெரியும். பக்கத்து வீடு இல்லாத லயம் இராசம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

இராசம்மாவும் என்னைப் போலத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறாள். இருபத்தாறு வருடத்தில் சொல்லாமல் மட்டம் போட்ட நாள் ஒன்றுகூட இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். வாரத்துக்கு ஒருமுறை சாதாரணமாகச் சொல்வாள்.

போன ஆண்டு தோட்டத்துக்கு விரல் வைக்கும் மெஷின் வந்தது. காலை ஆறரைக்கு ஆளெடுக்கும் பெரட்டில் ஆபீஸ் எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுவதற்குப் பதிலாக, எல்லாரும் விரல் வைத்துவிட்டு மலைக்குப் போக வேண்டும். அதற்கான மென்பொருள் சசிரேகாவின் நிறுவனத்துடையது. எழுதியவன் புனிதன், கோலாலம்பூர்க்காரன்.

வெளியே அனுப்ப வேண்டிய நாளில் இருநூற்றுப் பதினொன்று பாஸ், ஒன்று ஃபெயில். காலை ஆறரைக்கு வந்தவர் முந்தைய நாளில் பதிவாகிறார். என் லேப்டாப்பில் ஓடுகிறதே என்றான் புனிதன். சசிரேகா தேடிப் பார்த்தாள். கன்டெய்னருக்குள் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால், லண்டன் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துரைமார் கப்பலேறி இத்தனை வருடம் கழித்தும் நம் தோட்டத்துக்கு லண்டன் நேரம் எதற்கு என்று அவளுக்கு எரிச்சல். கன்டெய்னரில் மலேசிய நேரத்தை வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டும் பாஸ். அனுப்பிவிட்டாள். உப்பு இரவல் கொடுத்தது தான்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மென்பொருள் உண்மையில் குடியேறிய கம்ப்யூட்டர் வேறொரு நாட்டில் இருந்தது. அதற்கு யாரும் மலேசிய நேரம் வைக்கவில்லை. ஆகவே காலை எட்டுக்கு முன் விரல் வைத்தவரெல்லாம் முந்தைய நாளில் போய் விழுந்தார்கள். முதல் வாரப் பட்டியலைக் கிராணி யோகேந்திரன் ஆபீஸ் வாசலில் ஒட்டினார். திங்கட்கிழமை வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். செவ்வாய் திங்களாகி, புதன் செவ்வாயாகி, கடைசியில் சனிக்கிழமை காலி. நாற்பத்தொரு பேரும் மட்டம். ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதத்தையும் மெஷினே அடித்து வைத்திருந்தது.

நாங்கள் சிரித்தோம். நான் வேலை செய்ததாகப் பட்டியல் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். இராசம்மா சிரிக்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டு ஆபீசுக்குள் போனாள். சேதி கேட்டு சசிரேகா ஓடி வந்தாள், ஒரு காலில் ஒரு செருப்பும் மறுகாலில் வேறு ஜோடிச் செருப்புமாக.

"மெஷின் கோளாறுலா, இராசம்மாக்கா. எழுதுனவன் சரியில்ல. அவன மாத்தச் சொல்லி மேனேஜர் கடுதாசி போடுறாரு," என்றார் கிராணி.

"நான் வரலன்னு மெஷினுக்கு யாரு சொன்னா?"

சசிரேகா வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி புனிதனோடு போயிருக்கும். வேலையும் போயிருக்கும், அவனுக்கு. பேசினால் இவளுக்கு.

"நான்தாம்மா. காலி வீட்டுல நம்ம வீட்டுக் கடிகாரத்த மாட்டிட்டேன்."

இராசம்மா மகளை நிதானமாகப் பார்த்தாள்.

"பக்கத்து வீடே இருக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன," என்றாள். வீடு வரும்வரை சசிரேகா அழுதாள்.

அன்றே நிறுவனத்துக்கும் உண்மையை எழுதினாள். வேலை போகவில்லை, திட்டு விழுந்தது. கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஓடவிட்டபோது சோதனை ஒழுங்காக ஃபெயில் ஆயிற்று. புனிதன் இரண்டு வரியில் சரிசெய்தான். பட்டியலும் திருந்தியது. கடிதத்தை மட்டும் இராசம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

இப்போது சோதனைகள் இருநூற்றுப் பதின்மூன்று. புதியதில், இராசம்மா என்ற தொழிலாளி லண்டன் நேரம் ஓடும் காலி வீட்டுக்குச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு வந்து விரல் வைக்கிறாள். சனிக்கிழமை என்று பதிவாகாவிட்டால் மென்பொருள் வெளியே போகாது. முப்பது தடவை வீடு கட்டினால் முப்பது தடவையும் வருகிறாள். சசிரேகா அதை அம்மாவிடம் காட்டினாள்.

"எனக்கு அங்கயும் லீவு இல்லையா?" என்றாள் இராசம்மா.

பிறகு, அந்த இராசம்மா இதுவரை ஒரு நாளாவது மட்டம் போட்டிருக்கிறாளா என்று விசாரித்தாள். இல்லை என்றாள் சசிரேகா. அந்த வாரம் இராசம்மா எங்களிடம் சாதாரணமாகச் சொன்னது அதைத்தான்.