பகல் தூக்கக்காரி எர்லீன்

சாப்பிட்டு முடித்ததும் எர்லீன் ஹகின்ஸ் கைகளை ஒருமுறை தட்டுகிறாள். உள்ளங்கைகளை விரித்துக் காட்டுகிறாள், புறங்கைகளைப் புரட்டிக் காட்டுகிறாள், அதன் பிறகுதான் எழுந்திருக்கிறாள். சூதாட்ட மேசையில் சீட்டுப் போடுகிறவர்கள் எதையும் சுருட்டவில்லை என்று கூரையில் ஒளிந்திருக்கும் கேமராவுக்குத் தெரிவிக்கும் முறை இது. அவள் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது. அவள் சமையலறைக் கூரையில் ஒரு மின்விசிறியைத் தவிர வேறொன்றும் இல்லை. தேவாலயத்தில் ஜெபம் முடிந்தாலும் இதேதான். போதகர் முதலில் இதைப் புதுவகை பக்தி என்று நினைத்து மற்றவர்களுக்கும் சிபாரிசு செய்தார். "மேல இருக்கிறவருக்கும் ஒரு தடவை காட்டி வைக்கிறது நல்லதுதானே?" என்கிறாள் எர்லீன்.

அவளிடம் வழி கேட்பவர்கள் ஊர் போய்ச் சேருவதில்லை. "கோல்டன் லாஸோ தாண்டி இடப்பக்கம் திரும்பு" என்பாள். கோல்டன் லாஸோ என்ற சூதாட்ட விடுதி இப்போது இல்லை. எங்கள் லாஸ் வேகஸில் கட்டடங்கள் மூப்படைந்து சாவதில்லை. வாணவேடிக்கை விட்டு, வெடி வைத்து, ஊரைக் கூட்டி அவற்றைத் தரையில் உட்கார வைக்கிறோம். லாஸோ விழுந்த அன்று எர்லீனும் மடக்கு நாற்காலியோடு போயிருந்தாள். அவளுடைய முதல் மேசை அங்கேதான் இருந்தது. தூசி அடங்குவதற்கு முன்பே யாரோ கேக் வெட்டினார்கள். அவளுக்குக் கிடைத்த துண்டில் மண் நறநறத்தது. "லாஸோ எப்பவும் இப்படித்தான், கடைசி வரைக்கும் சாப்பாடு சரியில்ல" என்றாள்.

இரவு முழுக்க ஊர் விழித்திருக்க, சிலர் பகல் முழுக்கத் தூங்கியாக வேண்டும். எர்லீன் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் முழுக்க, வெளிச்சம் புகாதபடி அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் மின்னும். "உருளைக்கிழங்கைச் சுத்திச் சுடுற மாதிரி எங்களை நாங்களே சுத்தி வச்சுக்கிட்டோம்" என்பாள். கணவன் ரீனோவுக்குப் போனவன், அங்கே ஒருத்தியைப் பார்த்ததும் திரும்பி வரும் வழியை மறந்துவிட்டான். மகள் ரொவீனா மட்டும் தாளுக்கு இந்தப் பக்கம் வளர்ந்தாள். தூங்கும் அம்மா விழித்துவிடாமல் குளிர்பெட்டியைச் சத்தமின்றித் திறக்கத் தெரியும். தொலைக்காட்சியை ஊமையாக வைத்து, உதடுகளைப் படித்தே கதை சொல்வாள். சிரிப்பு வந்தால் தலையணையைத் தேடி ஓடுவாள்.

ரொவீனா இப்போது பனி கொட்டும் டுலூத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.

"சத்தமாப் பேசுடி. ஸ்லாட் மெஷின் என் காதைத் தின்னுடுச்சுன்னு தெரியுமில்ல?"

"மெதுவாப் பேசியே பழகிடுச்சும்மா."

பிறகு இருவரும் வானிலைக்குள் புகுந்துகொள்வார்கள். அங்கே பனி, இங்கே வெயில். ஊர் தொடங்கிய நாள் முதல் இங்கே அதேதான். எர்லீன் தொலைபேசியைக் காது வலிக்க அழுத்திப் பிடித்து, பாதி கேட்காத அந்தக் குரலைக் கடைசிச் சொல் வரை கேட்பாள்.

நூலகத்தில் பழைய ஆட்களைப் பேசவிட்டுப் பதிவு செய்கிறார்கள், உலகத்தில் எங்கிருந்தும் கேட்கலாம் என்று தெரிந்தபோது ரொவீனா சொன்னாள்: "போட்டதும் கேக்கிறேன்மா. ஒண்ணு விடாம கேக்கிறேன்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எர்லீன் போனாள். தொலைபேசியில் சொல்ல முடியாத எதையோ மகளுக்கு அதில் சொல்லிவிட வேண்டும். அது என்னவென்றுதான் தெரியவில்லை.

அங்கேதான் வினை. கேட்பவர்களுக்கு வேண்டியது அந்தக் காலத்தில் சூதாட்ட விடுதிகளை ஆட்டிவைத்த தாதாக்கள். இந்த ஊரில் நல்லபடியாகக் குழாய் ரிப்பேர் பார்த்து வாழ்ந்தவனும் மைக்கைக் கண்டால் ஒரு தாதாவையாவது கொண்டுவருவான். எர்லீனின் பக்கத்து டிரெய்லர் வீட்டு டெல்மர், ஓட்டலில் பெட்டி தூக்கியவன், அவளுக்கு முன்பே பேசிவிட்டு வந்திருந்தான்.

"என்ன சொன்னே?"

"ஒரு பொணம். கார் டிக்கில."

"எந்தக் கார்?"

"கேடிலாக். சும்மா ஒரு காருன்னா எவன் கேப்பான்?"

"நீ பாத்தியா?"

"பெட்டி கனமா இருந்துச்சு எர்லீன். அது சத்தியம்."

டெல்மரிடம் தோற்கக் கூடாது என்று முதல் நாள் அவளும் இரண்டு தாதாக்களை இறக்கினாள். ஒருவனுக்கு ஆப்பிள் பை பிடிக்கும் என்றுகூடச் சொன்னாள். பதிவு செய்த மார்சேலா ஓல்கின் வாய் பிளந்து கேட்டாள். வீடு திரும்பியதும்தான் எர்லீனுக்கு உறைத்தது. ரொவீனா ஒண்ணு விடாமல் கேட்கப்போவது இதைத்தானா?

அடுத்ததும் கடைசியுமான அமர்வில் மார்சேலா வழக்கமான கேள்வியைப் போட்டாள். "பழைய ஊர்ல இருந்து எந்தச் சத்தம் இப்ப இல்லையேன்னு ஏங்குறீங்க?" எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: சூதாட்ட இயந்திரத்தின் தட்டில் காசு கொட்டும் சத்தம். இப்போது இயந்திரங்கள் காசுக்குப் பதில் ரசீதுத் தாளைத் துப்புகின்றன.

எர்லீன் அதைச் சொல்லவில்லை.

"கோடையில பிள்ளைங்களால பகல்ல வெளிய கால் வைக்க முடியாது. வெயில் தாழ்ந்தாத்தான் தெருவுல விளையாட்டு. நான் அப்பத்தான் வேலைக்குக் கிளம்புவேன். கார்க் கண்ணாடியை இறக்கி விட்டிருப்பேன். வாசல் வாசலா நின்னு பிள்ளைங்களைச் சாப்பிடக் கூப்பிடுவாங்க. கூப்பிடுறதா அது? கத்தல்! ஒவ்வொண்ணா உள்ள ஓடும். கடைசில என் பொண்ணு மட்டும் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பக்கத்து வீட்டு பெர்னிஸ்தான் சோறு போடுவா, தங்கமான மனுஷி. ஆனா கூப்பிடும்போது தன் பிள்ளைங்க பேரைத்தான் சொல்லுவா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? அது என் வேலை. நான் ஒருநாளும் கூப்பிட்டதில்ல."

மார்சேலா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எங்க வீட்டு ஜன்னல்லயும் தாள்தான். அப்பாவுக்கு ராத்திரி ஓட்டல் அடுப்படில வேலை."

"அதான் இந்தக் கிசுகிசுப்பா? நான் லைப்ரரிப் பழக்கம்னுல்ல நினைச்சேன்."

"ரெண்டும்தான்."

"இந்த மைக்கு எவ்வளவு சத்தம் தாங்கும்?"

"தாங்கும்."

"உன் மேலதிகாரி?"

"தாங்க மாட்டாங்க. நீங்க பேசுங்க."

எர்லீன் எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

"ரொ...வீ...னா! இருட்டிப் போச்சு! சாப்பிட வாடீ!"

வாசிப்பறையில் தலைகள் நிமிர்ந்தன. ஒருவர் கையிலிருந்து செய்தித்தாள் நழுவியது. எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. மார்சேலாவின் விரல் நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போயிற்று. எர்லீன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் வரும் சத்தத்துக்காகக் காதைக் கதவுப் பக்கமாகச் சாய்த்தாள்.