அளவெடுத்த பிறகு விட வேண்டிய சொட்டு மருந்து

குன்னூரில் நான் வேலை பார்த்த கண் மருத்துவமனைக்குப் புது மெஷின் வந்தது. விற்க வந்தவர் மேனேஜரிடம் சொன்ன ஒரு வார்த்தை என் நிம்மதியைக் கெடுத்தது. "யார் வேணாலும் பண்ணலாம் சார். பட்டனை அழுத்தினா போதும்."

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளக்கிற மெஷின் அது. அந்த அளவை வைத்துத்தான் எந்தப் பவர் லென்ஸ் வைப்பது என்று டாக்டர் முடிவு செய்வார். அளவு தப்பினால், ஆபரேஷன் நன்றாக நடந்தும் பார்வை தெளியாது. அதற்காகவே நாலு வருடம் ஆப்டோமெட்ரி படித்தவள் நான். மேனேஜரோ என்னைக் கண்ணாடிப் பவர் பார்க்கும் அறைக்கு மாற்றிவிட்டு, வரவேற்பில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணை மெஷின் முன்னால் உட்கார வைத்தார்.

அவள் கெட்டிக்காரி. "அக்கா, ஒரு நாள் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க" என்று இரண்டு தரம் கேட்டாள். மேனேஜர் மேலிருந்த எரிச்சலை அவள் மேல் காட்டினேன். "பட்டனை அழுத்தத் தெரியுமில்ல, அப்புறமென்ன?"

ஆடி மாதத்து மழையில் ஒருநாள், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். மறுநாள் அவருக்கு வலது கண்ணில் ஆபரேஷன். சாயங்காலம் ஃபைல்களை டாக்டர் மேசையில் வைக்கப் போனபோது அவருடைய அளவுத் தாளைப் பார்த்தேன். மூன்று தரம் எடுத்த வளைவு அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. மெஷினே பக்கத்தில் எச்சரிக்கைக் குறி போட்டிருந்தது.

அந்தப் பெண்ணைக் கேட்டேன். "கூட்டமா இருந்துச்சுங்க்கா. கண் ப்ரஷர் பாக்கற ரூம் காலியா இருக்கு, மொதல்ல அங்க அனுப்புன்னு மேனேஜர் சார்தான் சொன்னாருங்க."

எங்களிடம் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, கருவிழியைத் தொட்டுத்தான் ப்ரஷர் பார்ப்பார்கள். அதற்கப்புறம் கருவிழியின் மேற்பரப்பு கலைந்திருக்கும்; வளைவை அளந்தால் நம்ப முடியாது. அளவு முதலில், மருந்து பிறகு. யாரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேனேஜரிடம் போனேன். "மூணையும் கூட்டி ஆவரேஜ் போட்டுக்கங்க" என்றார்.

"இது என்ன பரீட்சை மார்க்கா சார்?" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் தாளைப் பார்த்து, கருவிழி தெளிந்த பிறகு மறுபடி அளக்கலாம் என்று ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கூட இருந்திருக்கணும்" என்றார். என்னை அங்கிருந்து மாற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை.

அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. "ஏனுங்கம்மா, எத்தனை கெஞ்சி லீவு வாங்கினேன் தெரியுங்களா? மறுபடி சூப்பர்வைசர் முன்னால எந்த மூஞ்சியை வெச்சுட்டு நிப்பேனுங்க? தப்பு உங்களுது, அலையறது நானுங்களா?" மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் கொடுக்காமல் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

பத்து நாள் கழித்து வந்தார். இந்த முறை அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தாடையை எப்படி வைக்கச் சொல்வது, எப்போது கண் சிமிட்டச் சொல்வது, எந்த அளவைத் தள்ளிவிட்டு மறுபடி எடுப்பது என்று சொன்னேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று அளவுகளும் ஒத்துப்போயின. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும், சுவரிலிருந்த காலண்டரின் சின்ன எழுத்தை அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். என்னைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை.

எதற்குப் பின் எது, யார் அளவெடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டினேன். பேஷண்ட்டுகள் படித்தால் பயப்படுவார்கள் என்று மேனேஜர் அதைக் கிழித்துவிட்டார். இரண்டு மாதத்தில் அந்தப் பெண் என் மேற்பார்வையே தேவைப்படாத அளவுக்குத் தேறினாள். அப்போது பார்த்து அவளை மருந்துக் கவுன்டருக்கு மாற்றிவிட்டு, அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள்.