தண்ணீர் ஊற்ற இடமில்லாத கார்

போன வாரம் கொழிஞ்சாம்பாறை பெட்ரோல் பங்கில் என் காருக்கு எண்ணெய் அடித்துக்கொண்டிருந்த பெண், "ஏனுங்க, தண்ணி பாத்துட்டீங்களா? வெயிலு இப்பிடிக் காயுதே" என்றாள். அக்கறையாகத்தான் கேட்டாள். நானோ, "எல்லாம் பாக்கத் தெரியும்மா" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் முகம் சுண்டிப்போனது. கோபம் அவள் மேல் இல்லை. அது முப்பது வருஷத்துக் கோபம்.

நான் பிறந்தது சூரியநெல்லிப் பக்கம், ஏலக்காய் எஸ்டேட்டில். முதலாளிக்குச் சொந்த ஊர் கீழே சமவெளியில், இதே கொழிஞ்சாம்பாறை. ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த என்னைத் தன் டிரைவராக்கினார். ஆசைப்பட்டு ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். முதல் நாள், ஜீப் பழக்கத்தில் தண்ணீரோடு போய் முன்மூடியைத் திறந்தேன். உள்ளே ஸ்டெப்னி மட்டும் கிடந்தது. எஞ்சினைக் களவு கொடுத்துவிட்டோமே என்று முதலாளியிடம் ஓடினேன். நீங்கள் சிரிக்கலாம், முதலாளியும் சிரித்தார். "எஞ்சின் பின்னாடிப்பா. இதுக்குத் தண்ணியே கெடையாது. காத்துதான்."

அந்தக் காற்றைக் காப்பதே பிறகு என் பிழைப்பானது. பின்மூடியில் சல்லடை போல ஒரு கம்பித் தடுப்பு. அதன் வழியாகத்தான் விசிறி காற்றை இழுக்கும். அதில் ஒரு சருகு ஒட்ட விடமாட்டேன். எஞ்சின் எண்ணெய் அளவைத் தினமும் பார்ப்பேன். சமவெளிக்கு இறங்குவதானால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடுவேன். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் என்னிடம் இத்தனை சண்டை போட்டிருக்கமாட்டாள்.

சித்திரையில் முதலாளி மகனுக்குக் கொழிஞ்சாம்பாறையில் கல்யாணம். கோயிலிலிருந்து வீடு வரை அந்தக் காரில்தான் ஊர்வலம். முதலாளியின் மச்சினர், பொண்ணு மாப்பிள்ளை பேர் எழுதிய தெர்மோகோல் பலகையைச் சரியாக அந்தக் கம்பித் தடுப்பின் மேல் வைத்து, சுற்றிலும் செவ்வந்தி மாலையை இறுக்கிக் கட்டினார்.

"ஐயா, அது வண்டி மூச்சு விடுற எடம். அடைச்சா நின்னுபோயிரும்" என்றேன்.

"வாயக் கழுவுப்பா! கண்ணாலத்தன்னிக்கு நின்னுபோயிரும்னா பேசறது?"

முதலாளியைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அபசகுனம் பிடித்தவன் என்ற பேர் யாருக்கு வேண்டும்?

உச்சி வெயில். செண்டைமேளம் முன்னால் நின்று நின்று கொட்ட, கார் எறும்பாக ஊர்ந்தது. எண்ணெய் கருகும் வாடை வந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நான் இறங்கிப் பின்னால் போவதற்குள் மச்சினர் பலகையைப் பிய்த்தெறிந்து மூடியைத் திறந்து, ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கொதிக்கிற எஞ்சின்மேல் கொட்டினார். எஞ்சின் படீரென்று வெடித்து விரிசல் விட்டது. பொண்ணு அழுதாள்.

"டிரைவரு தண்ணி பாக்கல. அதான்" என்றார் மச்சினர். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

தண்ணீரே கிடையாது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் முதலாளி. ஒரு வாக்கியம் போதும். சம்பந்தி வீட்டார் முன்னால் மச்சினரை விட்டுக்கொடுக்க மனமில்லை அவருக்கு. "பாத்திருக்கலாமேப்பா" என்றார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வேலை போனது. எங்கள் எஸ்டேட்டில் வேலை போனால் லயமும் போகும். நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை அது. அம்மா முப்பது வருஷம் சாணி மெழுகிய தரை. அவளிடம் எத்தனையோ தடவை விளக்கினேன். "காத்துலயே குளுந்துக்கிற வண்டியாம்ல! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா" என்றாள். பெற்றவளே நம்பாதபோது ஊரை என்ன சொல்ல?

அந்தக் கார் இரும்புக் கடைக்குப் போனது. லயங்களை இடித்து விடுதி கட்டிவிட்டார்கள். முதலாளியும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். அம்மா உடும்பஞ்சோலையில் மாமா வீட்டில் கிடந்து செத்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கடைசிவரை எனக்காகப் பரிந்து பேசினாள்: "எம்மவன் நல்லவந்தான். என்ன, கொஞ்சம் தண்ணி ஊத்த மறந்துட்டான்."