பாம்புப் பெட்டியை மூடிய விரிப்பு

சென்ற தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பனிநாட்டில், ஸ்காபரோவை ஒட்டிய மில்லிக்கனில், எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. வாசித்துவிட்டு யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எழுதத்தான் போகிறேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள் இரண்டு வருடமாக ஒரு மலைப்பாம்பு வளர்க்கிறாள். ஆட்டை விழுங்கும் சாதியை நினைக்க வேண்டாம். இது என் கை நீளம்தான். நஞ்சு கிடையாது, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாத பிராணி என்பதால், கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கத்தை முப்பத்திரண்டு பாகையிலும் மறுபக்கத்தை இருபத்தாறிலும் வைத்திருப்பாள். குளிர்ந்தால் அந்தப் பக்கம், சுட்டால் இந்தப் பக்கம் என்று அது நகர்ந்துகொள்ளும். மேலே வலைமூடியில், வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் மின்குமிழ். பெட்டிக்குள் கிடக்கும் மெல்லிய வயரின் நுனி சூட்டை உணர்ந்து, போதும் என்றதும் குமிழை நிறுத்திவிடும். மகள் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறாள். நான் பாதிக் காதால் கேட்டிருக்கிறேன்.

அன்று பிக்கரிங்கிலிருந்து என் அக்காவும் அத்தானும், தங்கள் மகனின் கலியாணம் சொல்ல வருவதாக இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினால் போதாது, நேரில் வந்து சொல்ல வேண்டும். வருகிறவர்களை முன்னறையில்தான் இருத்த வேண்டும். பாம்பும் அங்கேதான் இருந்தது. மனைவி வேலையில், மகள் நூலகத்தில். அக்கா பாம்பைக் கண்டால், கலியாணத்துக்கு முன்பே ஸ்காபரோ முழுக்கக் கதை பரவிவிடும். ஒரு கட்டில் விரிப்பை எடுத்துப் பெட்டியை மேலிருந்து கீழ்வரை மூடினேன். தொங்கிய வயர்கள் அசிங்கமாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் இழுத்துப் பின்னால் செருகினேன். அந்த மெல்லிய வயரும் சேர்ந்து வெளியே வந்ததை நான் கவனிக்கவில்லை. அதன் நுனி யன்னலோரக் குளிரில் கிடந்து, சூடு போதாது, போதாது என்று குமிழை எரியவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அக்காவும் அத்தானும் வந்து, தேநீர் குடித்து முடிக்கையில் அக்கா மூக்கைச் சுருக்கி மோந்தார்.

"தம்பி, அடுப்பில என்னவோ அடிப்பிடிக்குது."

குசினிக்கு ஓடினேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்தால் விரிப்பின் மேல் பழுப்பு வட்டம், அதிலிருந்து மெல்லிய புகை. இழுத்து எறிந்தேன். உள்ளே வெப்பமானி நாற்பத்தொன்று காட்டியது. பாம்பு தூர மூலையில் கண்ணாடியோடு ஒட்டி, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அக்கா உட்கார்ந்திருந்த கதிரையின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். நான் மகளைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, பிளக்கைக் கழட்டுங்கோ. ஐஸ் ஒண்டும் வைக்காதேங்கோ. ரெண்டு கையாலயும் தூக்கி வெளியில எடுங்கோ."

"எனக்குப் பயமா இருக்கு, பிள்ளை."

"பிளீஸ் அப்பா. அது சாகப்போகுது."

இரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் அதைத் தொட்டதில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன். கைக்குள் அப்போதுதான் இஸ்திரி போட்ட துணிபோல் சூடு. சோர்ந்து தொங்கியது.

"உனக்கென்ன விசரோ? உந்தப் பாம்பை வெளியில எறி!" என்றார் அக்கா.

"வெளியில மைனஸ் பன்ரெண்டு, அக்கா."

"நாகதம்பிரானுக்கு இனிக் கோயில் தேடத் தேவையில்லை. இங்கயே பொங்கலாம்," என்றார் அத்தான். ஊரில் நாங்கள் பொங்கல் வைக்கும் பாம்புத் தெய்வத்தைச் சொல்லிக் கேலி செய்தார்.

மகள் சொன்னபடி ஒரு பெட்டியில் துவாய் விரித்துக் கிடத்தி, ஆழமில்லாத பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பாம்பின் நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. அதற்குள் அக்காவும் அத்தானும் புறப்பட்டுவிட்டார்கள். மறுநாள் மிருக வைத்தியர், பிழைத்துவிடும் என்றார்.

அன்று, நூலகத்திலிருந்து ஓடிவந்த மகள் முதலில் பாம்பைப் பார்த்தாள். பிறகு வயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கத்தவில்லை.

"ஏன் மூடினீங்கள்? என்னை நினைக்க வெட்கமா இருக்கா?"

அக்காவுக்கு முன்னால் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதுதான் உண்மை.

அடுத்த நாள் அக்காவின் தொலைபேசி வந்தது. "பாம்பு வளர்க்கிற பெட்டையை நாளைக்கு ஆர் கட்டுவினம்? கலியாணத்துக்கு முந்தி உந்தப் பாம்பை ஆருக்கும் குடுத்துவிடு. சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"ஓம், வளர்க்கிறாள் எண்டு சொல்லுங்கோ. கலியாணத்துக்கு நாங்கள் மூண்டு பேரும் வருவம். பாம்பு வீட்டில இருக்கும்."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். கலியாணத்துக்குப் போனோம். பின்வரிசை மேசை கிடைத்தது. நன்றாகச் சாப்பிட்டோம்.

இப்போது காலையில் இரண்டு பக்கச் சூட்டையும் நானே பார்த்து, வயரின் நுனி உள்ளே கிடக்கிறதா என்று தொட்டும் பார்க்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் என்னிடமிருந்து போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பயத்துக்கு இரையாக என் வீட்டிலிருந்து இனி ஓர் உயிரையும் கொடுக்கமாட்டேன்.