ஒரு சாண் தூரத்தில் நான்கு வருடம்

சண்முகவேல் செவ்வாய்க்கிழமை காலை, துபாய் ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில், டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் இறந்தார். மாரடைப்பு என்கிறது மருத்துவமனைச் சான்றிதழ். எனக்குத் தகவல் சொன்னவர் அவருடைய ரூம் நண்பர், கீழக்கரை காதர். “டீய ஊத்தி வச்சுட்டு சாக்ஸ் மாட்டக் குனிஞ்சாருண்ணே. நிமிரவே இல்ல.”

கேம்பில் நீங்களெல்லாம் அவரைப் ‘பெயின்டர் வேலு’ என்பீர்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கூலி எவ்வளவு என்று கேட்டவர்களும் உண்டு. அவர் தூரிகையைத் தொட்டதே இல்லை. ஓவியங்களைப் பத்திரமாக வைக்கும் கிடங்கில் பெட்டி செய்வதும் பிரிப்பதும் அடுக்குவதும்தான் அவர் வேலை. வந்திறங்கிய பெட்டியை ஒரு நாள் முழுக்கத் திறக்க விடமாட்டார். “இந்த ஊர்க் காத்து பழகட்டும். வந்த அன்னைக்கே நம்மள டியூட்டிக்கு இழுத்தானே, நல்லாவா இருந்துச்சு?” என்பார்.

நான்கு வருடத்துக்கு முன் அந்த ஜெர்மன் ஓவியம் வந்தது. நான்கரை மீட்டர் அகலம். சாம்பல் நிற எண்ணெய் வண்ணம் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. நிமிர்த்தப் போதிய இடமில்லாமல் தரையில் படுக்கவைத்து, டார்ச் அடித்துச் சோதித்தார்கள். கீழ் மூலையில் ஒரு ஷூ தடம்.

“என் ஷூவக் கழட்டி, படாம மேல புடிச்சு அளந்தோம்ணே. சைஸ் அப்படியே சரியா இருந்துச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல” என்றார் காதர். காதருக்கும் அதே கிடங்கில்தான் வேலை; அன்று ஓவியத்தைச் சுற்றி வந்தவர் அவர்தான். வேலை போனால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். வேலு சோதனைத் தாளில் ‘என் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். காதர் ஏன் என்று கேட்டதற்கு, “நீ போனா உன் கொறட்டைக்குப் பழகுன காதுக்கு யார் பதில் சொல்றது? கலாஸ், முடிஞ்சுது, போய்ப் படு” என்றாராம்.

இரண்டு நாள் தன் பையைக் கட்டி வைத்துக் காத்திருந்தார். மூன்றாம் நாள் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. ஓவியர் துணியைத் தரையில் விரித்து, அதன் மேலேயே நின்று வரைபவர். அந்தத் தடம் அவருடையது.

அதன் பிறகு அந்த ஓவியத்தின் மேல் வேலுவுக்குத் தனிப் பிரியம். “அந்தாளும் நம்மள மாதிரி ஷூவோட நின்னு வேல பாத்தவன்தாண்ணே.” ஆனால் முழுதாக அதை அவர் பார்த்ததே இல்லை. எப்போதும் டார்ச் வெளிச்சத்தில், ஒரு சாண் தூரத்தில், துண்டு துண்டாகத்தான். போட்டோவைக் காட்டினேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதுல எல்லாமே உள்ளங்கை அளவுதாண்ணே. எட்டி நின்னு பாத்தா அந்தத் தடம் தெரியுமா, அதச் சொல்லுங்க.”

நானும் அதைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தேன்.

போன மாதம் ஓவியத்தை ஏலம் விட முடிவானது. லண்டனில் ஏலம், அதற்கு முன் துபாயில் மூன்று நாள் பொதுப் பார்வை. மாட்டுவது வேறு நிறுவனத்து ஆட்கள். வேலுவின் பங்கு லாரியில் ஏற்றுவதோடு முடிந்தது. பார்வைக்கு வைக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டு வாங்கினார். சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தார். “கையுறை இல்லாம, சும்மா பாக்க வந்தவனா போகணும்ணே. யாரும் ஜல்தி ஜல்தின்னு வெரட்டக் கூடாது. நீங்களும் கூட வரணும்.”

அந்தச் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது என்கிறார் காதர்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தக் கேள்விதான் இருக்கிறது. உடலை அனுப்பத் தூதரகக் கடிதம் நாளை கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். கிடைத்தால் சனிக்கிழமை மதுரை விமானம். பார்வைக் கூடம் ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறக்கும். காதரும் நானும் போய், எவ்வளவு தூரம் பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய் நிற்போம். தடம் தெரிகிறதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.