டேங்க் அக்கா முன்மேசைக்கு வந்த கதை

எங்கள் நிறுவனம் தண்ணீர் மோட்டார் விற்கிறது. விற்றதைப் பழுதும் பார்க்கிறது. முன்னால் கண்ணாடிக் கதவு, ஒரு மேசை, வரிசையாகப் புது மோட்டார்கள். பின்னால், உதிரிபாக அலமாரிகளுக்கு நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. முன்மேசை என்னுடையது. பின்னறை அக்காவுடையது.

அக்காவுக்கு அலுவலகத்தில் இன்னொரு பெயர் உண்டு: டேங்க். மொட்டை மாடித் தொட்டியைப் பார்த்து வேன் டிரைவர் அண்ணன் வைத்த பெயர். "அக்கா வேன்ல ஏறுறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்கப்பா, டயர்ல காத்து பாத்துக்கறேன்" என்பார். முதலில் சிரிப்பது அக்காதான். மற்றவர்கள் ஆரம்பிப்பதற்குள் தான் சிரித்து முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அந்தச் சிரிப்பில் இருந்தது. அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அப்போது நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான்.

நூற்று முப்பத்தெட்டு கிலோ. கை வைத்த நாற்காலியில் உட்கார முடியாது என்பதால் பின்னறையில் அவருக்கென்று ஒரு மர பெஞ்சு. அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவர் பார்த்த வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யாராவது போன் செய்து, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று புலம்புவார்கள். "போனை மோட்டார் பக்கத்துல கொண்டுபோங்க. நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்" என்பார் அக்கா. கண்ணை மூடிப் பத்து விநாடி கேட்பார். "பேரிங் தேஞ்சிருக்கு." இல்லையென்றால், "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கீழ குழாய் அடியில இருக்கிற ஃபுட்வால்வு ஒழுகுது, ஏறின தண்ணி திரும்ப இறங்கிடுது." மெக்கானிக் போய்க் கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

நேரில் வருகிறவர்கள் மோட்டார் சத்தத்தைச் செல்போனில் பதிந்துகொண்டு வருவார்கள். அங்கேதான் நான் வருகிறேன். "ஒரு நிமிஷம் சார், செக் பண்ணிட்டு வரேன்" என்று போனை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போவேன். அக்கா கேட்டுச் சொல்வார். அதையே, கல்லூரியில் படித்த நாலு பெரிய வார்த்தைகளைத் தூவி, முன்னால் வந்து சொல்வேன். "படிச்ச பிள்ளைன்னா சும்மாவா!" என்பார்கள். நான் மறுத்ததில்லை. எங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். கறுப்பு அங்கியோடு எடுத்த படம் வீட்டில் டீவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அம்மா தினமும் துடைக்கிறார். இந்த மேசையும் அந்தப் படிப்புக்குக் கிடைத்தது என்றுதான் நாலு வருடமாக நினைத்திருந்தேன்.

போன வருடம் அக்கா இரண்டு மாதம் விடுப்பு எடுத்தார். முழங்கால் இரண்டும் மக்கர் செய்தன, சர்க்கரை வேறு. இரைப்பையைச் சின்னதாக்கும் அறுவை சிகிச்சை. திரும்பி வந்தபோது ஒரு கிண்ணம் சூப்பை முக்கால் மணி நேரம் குடிப்பார். சில நாள் அதுவும் தங்காது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்தாவது மாதம், அக்கா பாதியாக இளைத்த பிறகுதான், எல்லோருக்கும் கண் தெரிந்தது.

வாசல் காவலாளி எழுந்து நிற்க ஆரம்பித்தார். டயரைப் பற்றிக் கவலைப்பட்ட அண்ணன் இறங்கி வந்து வேன் கதவைத் திறந்துவிட்டார். டேங்க் போய் 'மேடம்' வந்தது. ஒன்பது வருடத்தில் பின்னறை எந்தப் பக்கம் என்றே தெரியாதிருந்த கணக்குப் பிரிவுப் பெண்கள், "அக்கா, சாப்பிட வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றைக் குறைத்துக்கொண்டவர் அவர். வயிறு எரிந்தவன் நான். பதினாறு வருடம் மண்டையை உடைத்துப் படித்து நான் வாங்கிய மரியாதையை, இவர் பத்து மாதத்தில் இளைத்து வாங்கிவிட்டாரே!

"ஓடியாடிக் குறைச்சிருந்தா சரி. ஆஸ்பத்திரியில படுத்து எந்திரிச்சு வந்ததுக்கு இவ்ளோ அமர்க்களமாண்ணே?" என்று டிரைவர் அண்ணனிடம் சொன்னேன்.

"உனக்கு ஏன்டா காந்துது?" என்றார்.

காந்தியதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்குப் புதுக் கிளை ஒன்று திறக்க இருந்தார்கள். அதற்கு மேலாளர் நான்தான் என்று எனக்கு நானே முடிவு செய்து, அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் மேனேஜர், "மேடம் ஒரு வாரம் முன்னால உக்காந்து பழகட்டும். நீ பின்னால போய் போனைப் பாத்துக்கோ தம்பி. படிச்சவன், உனக்கென்ன கஷ்டம்?" என்றார்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் போன் வந்தது. மோட்டார் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கண்ணையும் மூடிப் பார்த்தேன். சத்தம் கேட்டது, வெறும் சத்தம். "பேரிங்" என்று அடித்துவிட்டேன். மெக்கானிக் மத்தியானம் திரும்பி வந்து, "பேரிங் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கு. எவன்டா சொன்னது?" என்று கத்தினான். அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன். முன்னால், என் மேசையில், ஒரே சிரிப்பும் பேச்சும்.

மூன்றாம் நாள் ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் செயலாளர் வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா ஏதோ உதிரிபாகத்தோடு வெளியே வந்தபோது, காலி டீ கப்பை அவர் கையில் கொடுத்து, "உள்ள போய் சாரைக் கூப்பிடும்மா" என்றவர். அக்கா கப்பை வாங்கிக்கொண்டு போய் என்னைக் கூப்பிட்டார். நானும் வந்தேன்.

இப்போது அதே மனிதர் குழைந்தார். "மேடம் புதுசா?"

"ஒன்பது வருஷம் ஆச்சு சார். உங்க ரெண்டாவது மோட்டாருக்கு நான்தான் ரெண்டு தடவை பேரிங் சொன்னேன்."

"அட! போன்ல அந்தக் குரல் நீங்களா? நான் வந்தப்பல்லாம் எங்க இருந்தீங்க?"

"ஒரு தடவை உங்க டீ கப்பைக் கழுவிட்டு இருந்தேன் சார்."

அவருக்கு விளங்கவில்லை, நகைச்சுவை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். தன் செல்போனில் அக்காவின் பழைய படத்தைக் காட்டினார்.

"ஒரு வருஷத்துக்கு முன்னாடி நம்ம மேடம் சார். பாருங்க! நாலு வருஷம் முன்னாடியே இந்த மேசையைக் கேட்டாங்க. வேலை தெரிஞ்சதும் இவங்களுக்குத்தான். ஆனா வர்றவங்க முதல்ல பாக்கறது ஆளைத்தானே? அதான் பாக்க லட்சணமா நம்ம தம்பியைப் பிடிச்சு உக்கார வச்சோம். இப்ப பிரச்சனை இல்ல. புதுக் கிளைக்கு மேடம்தான்!"

பாராட்டாகத்தான் சொன்னார். நான் பின்னறை வாசலில் துடைக்கும் துணியோடு நின்றிருந்தேன். படிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா கிண்ணத்தை எடுக்கப் பின்னறைக்கு வந்தார்.

"நெசமாவே இந்த மேசையைக் கேட்டிருந்தீங்களாக்கா?"

"மூணு தடவை."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா? எந்திரிச்சுக் குடுத்திருப்பியா?"

கையிலிருந்த துணியை மடித்து வைத்தேன். பிறகு கேட்டேன். "எம்மேல பொறாமையா இருந்துச்சா?"

"இருந்துச்சாவா! ஒவ்வொரு தடவையும் சிங்கம் மாதிரி அந்த போனைத் தூக்கிட்டு வருவியே, வேணும்னே தப்பா சொல்லி அனுப்பலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். மோட்டார் என்ன பாவம் பண்ணுச்சுன்னு விட்டுட்டேன்." பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் இடம் இருந்தது.

"இப்ப சந்தோஷம்தானேக்கா?"

"முழங்கால் வலிக்கல, அது சந்தோஷம். ஆனா எல்லாரும் கை குடுக்கறப்ப, எவளோ ஒருத்தி செத்துட்டா, நல்லதாப் போச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு. அவளுக்கு ஒருத்தரும் ஒரு கதவு திறந்து விடல. வேலை செஞ்சவ அவ. கும்பிடு வாங்கறவ இவ. கண்ணாடியில இவளைப் பாத்தா எனக்கே எரியுது தம்பி."

சூப் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார்.

அடுத்த மாதம் அக்கா புதுக் கிளைக்குப் போனார். அங்கே முன்மேசையிலேயே போனை வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நான் என் மேசைக்குத் திரும்பினேன். அம்மாவிடம் கிளை தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் வாரமே ஒருவர் செல்போனில் மோட்டார் சத்தத்தோடு வந்தார். "செக் பண்ணிட்டு வரேன்" என்று பழக்கத்தில் பின்னறைக்குப் போய்விட்டேன். பெஞ்சு காலி. அலுவலகப் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஆபீஸ் போனோட வாயில அவர் செல்லை வை. நீ பேசாத" என்றார்.

பத்து விநாடி. "கெப்பாசிட்டர்."

வெளியே வந்தேன். நாலு பெரிய வார்த்தைகளும் நாக்கில் வரிசையாக நின்றன. விழுங்கினேன்.

"கெப்பாசிட்டர் போயிருக்குன்னு அக்கா சொல்றாங்க சார்."

"எந்த அக்கா?"

"எங்க புதுக் கிளை மேனேஜர். சத்தம் கேட்டே சொல்லிடுவாங்க. இங்க இருந்தப்பவும் அவங்கதான் சொல்லிட்டு இருந்தாங்க."

"அப்படியா! அப்ப அவங்க நம்பரைக் குடுத்துடுங்க. இனிமே நேரா அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். எரிந்துகொண்டேதான் எழுதினேன். ஆனால் எண்ணைத் தப்பாக எழுதவில்லை.